காரில் பெட்ரோல் பிரஷர் விழுகிறதா? பம்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை: கேள்வி பதில்

வண்டி இழுக்கவில்லை, செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கவில்லை என்று சொன்னதுமே பல இடங்களில் முதலில் கழற்றப்படுவது பெட்ரோல் பம்ப்தான். கழற்றியதில் பாதிக்கு மேல் நல்ல பம்பாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஐந்து நிமிடம் பிரஷர் அளக்கும் கேஜ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது. கீழே உள்ள அளவுகள், டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கும் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்த) பெட்ரோல் கார்களுக்கானவை. டீசலுக்குத் தனிக் கேள்வி உண்டு.

பிரஷர் குறைந்தால் வண்டி எப்படிக் காட்டும்?

இதில் இரண்டு வேறு வியாதிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

முதலாவது, ஓடும்போது போதிய பிரஷர் இல்லாமை. ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) ஒன்றும் தெரியாது. தக்கலை ஊருக்குள் ஓட்டும்வரை சமாளிக்கும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும், வேகம் ஏறாது, காலை எடுத்தால் மறுபடி சரியாகும்.

இரண்டாவது, ஆஃப் செய்தபின் பிரஷர் நிற்காமை. ஓடும்போது ஒரு குறையும் இருக்காது. சில மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஐந்தாறு விநாடி செல்ஃப் அடித்த பிறகுதான் பிடிக்கும். பிடித்துவிட்டால் அன்று முழுக்க நல்ல பிள்ளை.

முதலாவதற்குக் காரணம் பம்ப், பில்டர், கரண்ட் இவற்றில் ஒன்றாக இருக்கும். இரண்டாவதற்குக் காரணம் எங்கோ ஒரு கசிவு. வண்டியில் எது இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கேஜ் இல்லாமல் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

சாவியை ஆன் செய்தால், செல்ஃப் அடிக்காமலேயே, பின் சீட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2 விநாடி 'உய்ங்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? ஃபியூஸ், ரிலே, வயர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் பம்ப் ஓடத் தொடங்கினால் அதன் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்தப் பம்ப் வீடு போய்ச் சேரும்வரைதான் தாங்கும்.

சத்தம் கேட்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: சாவியை ஆன் செய்து 3 விநாடி பொறுத்து ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு நான்காவது முறை செல்ஃப் அடியுங்கள். டக்கென்று பிடித்தால், பிரஷர் நிற்காமல் இறங்கிவிடுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நீண்ட தூரம் ஓடியபின் இழுவை குறைந்தால் ஓரமாக நிறுத்திப் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டு, அதன்பின் வண்டி சரியாக ஓடினால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. பம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எவ்வளவு பிரஷர் இருக்க வேண்டும்?

பெரும்பாலான எம்பிஎஃப்ஐ கார்களில் 2.5 முதல் 4 பார் வரை. உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 4 பார் வேண்டிய வண்டியில் 3 பார் காட்டினால், 'மூன்று இருக்கே, போதும்' என்று விட்டுவிடக் கூடாது. கேஜ் பிஎஸ்ஐ-யில் இருந்தால் 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. மேனுவல் கிலோபாஸ்கலில் சொன்னால் 100 கிலோபாஸ்கல் 1 பார்.

பழைய வண்டிகளில் பிரஷரை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் ஃபியூயல் ரெயிலில் இருக்கும். மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும். இந்த வகையில் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் பிரஷர் சுமார் 0.5 பார் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ரெகுலேட்டரையும் அந்த ஹோஸையும் சந்தேகப்படுங்கள். கழற்றிய ஹோஸின் உள்ளே பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் ரெகுலேட்டரின் உள்ளேயுள்ள டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்தே விட்டது. புதிய வண்டிகளில் ரிட்டர்ன் குழாய் கிடையாது, ரெகுலேட்டர் பம்போடு டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கும் ஜிடிஐ வகை டர்போ இன்ஜின்களில் டேங்கிலிருந்து வரும் பக்கத்தை மட்டுமே இந்தக் கேஜால் பார்க்கலாம். இன்ஜின் மேலுள்ள ஹை பிரஷர் பம்புக்குப் பிறகு 50 பாரிலிருந்து 200 பாரைத் தாண்டியும் இருக்கும். அங்கே ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் கருவி) மட்டும்தான், ஸ்பேனர் கூடாது.

கேஜை எப்படி மாட்டுவது?

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஷெட்டுக்குள் வேண்டாம், வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பவுடர் வகை தீயணைப்பான் இருக்கட்டும். சூடாகும் குண்டு பல்பு போட்ட கைவிளக்கு வேண்டாம், எல்ஈடி டார்ச் போதும்.

முதலில் இருக்கும் பிரஷரை இறக்க வேண்டும். பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றதும் இன்னொரு இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ரெயிலுக்கு வரும் ஹோஸ் ஜாயின்ட்டைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். எப்படியும் கொஞ்சம் பெட்ரோல் தெறிக்கும், அதனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அந்த இடத்தில் டி வடிவ அடாப்டரை மாட்டி, 0 முதல் 7 பார் வரையுள்ள கேஜை இணையுங்கள். குவிக் கனெக்டர் உள்ள வண்டிக்கு அதற்கேற்ற அடாப்டரே வேண்டும். ஹோஸை வெட்டி கிளிப் போட்டு ஒப்பேற்றினால், இன்று பிரஷர் பார்த்த இடமே நாளை கசியும் இடமாகிவிடும்.

ஃபியூஸ் அல்லது ரிலே, பேட்டரி வயர் எல்லாம் திரும்ப மாட்டியபின் சாவியை மட்டும் ஆன் செய்து ஜாயின்ட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமில்லை என்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேஜ் சரியான அளவு காட்டுகிறது. ஆனாலும் ஏற்றத்தில் இழுக்கவில்லையே?

பிரஷர் வேறு, வந்து சேரும் பெட்ரோலின் அளவு வேறு. மேல்தொட்டிக் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் மூடிய பைப்பில் அழுத்தம் முழுதாக இருக்கும், திறந்தால்தான் நூலாக ஒழுகும். ஐடிலில் இன்ஜின் குடிப்பது மிகக் குறைவு என்பதால், அடைத்த பில்டரோடும் கேஜ் 3 பார் காட்டும்.

அளவைப் பார்க்க, ரெயிலுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, கோடு போட்ட பெட்ரோல் தாங்கும் கேனுக்குள் விட்டு, பம்பை 15 விநாடி ஓட விடுங்கள் (ரிலே சாக்கெட்டில் வயர் இணைத்து ஓட்டும் முறை கீழே ஆம்பியர் பார்க்கும் இடத்தில் இருக்கிறது). குறைந்தது கால் லிட்டர் விழ வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கணக்கு. அதற்குக் குறைந்தால் பில்டரோ, டேங்குக்குள் பம்பின் காலில் இருக்கும் வலைச் சல்லடையோ, பம்போ குற்றவாளி. சல்லடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுப் பம்பைப் பழைய சல்லடையோடு மாட்டுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுகிற வேலை.

இதைவிட நம்பகமானது ரோடு டெஸ்ட். கேஜை பானட்டுக்கு வெளியே கொண்டுவந்து முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் உள்ள கேஜை எக்காரணத்தாலும் கார் உள்ளே கொண்டுவராதீர்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் கேஜை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் 10 விநாடி. முள் 0.3 பாருக்கு மேல் கீழே விழுந்தால் சப்ளை போதவில்லை. மலை ஏற்றம் பக்கத்தில் இல்லாதவர்கள் ஆனி, ஆடி மாதம் வள்ளியூர் பக்கமிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கு வந்தால் போதும். கணவாய்க் காற்று எதிரே நின்று கொடுக்கும் லோடு ஒரு நல்ல ஏற்றத்துக்குச் சமம்.

முள் அசையாமல் நின்றும் வண்டி வெட்டுகிறதா? பெட்ரோலை விட்டுவிட்டு இக்னிஷன் காயில், பிளக், ஏர் ஃப்ளோ பக்கம் போங்கள்.

காலையில் மட்டும் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது. எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேஜ் மாட்டியபடியே வண்டியை ஐடிலில் ஓட்டி ஆஃப் செய்யுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் 2 பாருக்கு மேல் இருக்க வேண்டும் (மேனுவல் இன்னும் கூடுதலாகக் கேட்டால் அதுவே கணக்கு). பிறகு மெதுவாக இறங்குவது இயல்புதான். சூடான இன்ஜினில் ஆஃப் செய்ததும் முள் சற்று மேலே ஏறக்கூட ஏறும். ரெயிலில் உள்ள பெட்ரோல் சூட்டில் விரிவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் பூஜ்ஜியத்துக்கு வந்தால் கசிவு உறுதி.

இப்போது பாதையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மறுபடி பிரஷர் ஏற்றி, ஆஃப் செய்த கையோடு கேஜுக்கு முன்னால், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை அதற்கான கிளாம்பால் அழுத்தி மூடுங்கள். நைலான் குழாயை அழுத்தக் கூடாது, வெடிப்பு விழும். அந்த வண்டிகளுக்கு மூடும் வால்வு வைத்த அடாப்டர் வேண்டும்.

மூடியதும் முள் நின்றுவிட்டால் கசிவு டேங்க் பக்கம்: பம்பிலுள்ள செக் வால்வு (பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுப்பது), டேங்குக்குள் இருக்கும் ரெகுலேட்டர், அல்லது பம்பிலிருந்து மேல்மூடிக்குப் போகும் குட்டி ஹோஸ். மூடியும் முள் இறங்கினால் இன்ஜின் பக்கம். ரிட்டர்ன் குழாய் உள்ள வண்டியில் அதையும் மூடிப் பாருங்கள். அப்போது நின்றால் ரெகுலேட்டர். அதற்கும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர்.

இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பார்க்க, ரெயிலை இன்ஜெக்டர்களோடு தூக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டு உலர்ந்த அட்டையை வைத்துப் பம்பை மட்டும் ஓட விடுங்கள். இக்னிஷன் காயில் கனெக்டர்களைக் கழற்றிவைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுந்தால் அந்த இன்ஜெக்டர் போச்சு.

கழற்றாமலேயே ஒரு துப்பு உண்டு. இன்ஜெக்டர் கசிந்தால் இரவு முழுக்கப் பெட்ரோல் உள்ளே இறங்கி, காலையில் பிடிக்கும்போது புகையும் பச்சைப் பெட்ரோல் வாசனையும் வரும். செக் வால்வு மட்டும் போயிருந்தால் நேரம்தான் எடுக்கும், பிடித்ததும் சுத்தமாக ஓடும்.

பம்ப் போய்விட்டது என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பம்புக்குப் போய்ச் சேரும் கரண்டைப் பார்க்காமல் பம்பைக் குறை சொல்லக் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குத் தனி அழுத்தம் தர வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் எனக் கடற்கரையில் நிற்கும் வண்டிகளின் கனெக்டர்களில் உப்புக் காற்றால் களிம்பு பிடிக்கும். மீன் பெட்டி ஏற்றும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரை விரிப்புக்கு அடியில் போய் வயரையும் எர்த் போல்ட்டையும் அரித்திருக்கும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பம்ப் கனெக்டரின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோலப் பேட்டரி பிளஸிலிருந்து பம்பின் பிளஸுக்கு 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு கூடாது. இருந்தால் ரிலே காண்டாக்ட், ஃபியூஸ் பிடி, இடையிலுள்ள கனெக்டர் என ஒவ்வொன்றாக வாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பம்பில் 12 தான் இருந்தால், புதுப் பம்பும் மந்தமாகத்தான் சுற்றும். பம்ப் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் மாட்யூல் உள்ள வண்டிகளில் மட்டும் இந்த அளவு பொருந்தாது.

அடுத்தது ஆம்பியர். ரிலேயைக் கழற்றி, 30, 87 என்ற இரு சாக்கெட்டுகளுக்கு இடையே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட வயரால் இணைத்து, கிளாம்ப் மீட்டரால் பாருங்கள். சாதாரணக் காரில் 4 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். பூஜ்ஜியம் என்றால் வயரோ பம்போ அறுந்திருக்கிறது. 9, 10 என்று ஏறினால் பில்டர் அடைப்பு, அல்லது பம்ப் இறுகுகிறது. 2, 3 ஆம்பியரில் சத்தமாகச் சுற்றிக்கொண்டே பிரஷர் தராவிட்டால் அதற்குத் தள்ள லோடு இல்லை: டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது உள்ளே ஹோஸ் கழன்றிருக்கிறது.

கரண்ட் சரி, எர்த் சரி, சல்லடை சுத்தம், பில்டர் புதிது, அப்படியும் பிரஷர் இல்லை என்றால் பம்பை மாற்றலாம். அதற்கு முன் வேண்டாம்.

புதுப் பம்ப் போட்டும் பிரஷர் வரவில்லை. ஏன்?

மாட்யூலை (டேங்குக்குள் பம்ப் உட்கார்ந்திருக்கும் முழுத் தொகுப்பை) முழுதாக மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால், உள்ளே இருக்கும் குட்டி ஹோஸைப் பாருங்கள். சாதாரணப் பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் மூழ்கிக் கிடந்தால் ஊதி, மெத்தென்று ஆகிக் கிழிந்துவிடும். டேங்குக்குள் போடத் தகுந்தது எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ். அது கிழிந்தால் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே கொட்டுவதால் வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. ரெகுலேட்டரின் ஓ-ரிங் மடங்கி உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். பிளஸ், மைனஸ் மாறிப்போனால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், சத்தம் வரும், பிரஷர் வராது.

சாவி ஆன் செய்தால் பம்ப் ஓடுகிறது, செல்ஃப் அடிக்கும்போது நின்றுவிடுகிறது.

இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் வந்தால்தான் இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பம்பைத் தொடர்ந்து ஓட விடும். ஸ்கேனரில் ஆர்பிஎம்மைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். பூஜ்ஜியத்திலேயே நின்றால் அந்தச் சிக்னலைத் தரும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள்.

எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் கெடுமா?

கெடும். பம்ப் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் மசகும் அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ஒரு விலை, இப்பக்கம் ஒரு விலை என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சமாகப் போடுபவர்கள், கால் டேங்குக்குக் கீழே விடாமலாவது பார்த்துக்கொள்ளுங்கள். கீரிப்பாறை, கோதையாறு போன்ற எஸ்டேட் ஏற்றங்களில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுத்து, பிரஷர் விழுந்தது போலவே வெட்டும். நிரப்பினால் போய்விடுகிற குறைக்கு யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

எத்தனால் பெட்ரோலும் மழையும் பிரஷரைப் பாதிக்குமா?

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. பழைய வண்டிகளில் இரண்டு விஷயம் நடக்கும். டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கை எத்தனால் இளக்கிவிட, அது சல்லடையிலும் பில்டரிலும் போய் உட்காரும். எத்தனாலுக்கு ஏற்றதல்லாத பழைய ரப்பர் ஹோஸும் ஓ-ரிங்கும் ஊதும் அல்லது வெடிக்கும். ஒருமுறை பில்டரைச் சீக்கிரமே மாற்றுவது நல்லது.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. மூடியின் வாஷர் தளர்ந்த வண்டிக்குள் தண்ணீர் இறங்கினால், எத்தனால் அதை ஓரளவுவரை தன்னோடு கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான்.

பார்ப்பது எளிது. 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாயில் டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலை ஊற்றி 10 நிமிடம் வையுங்கள். கீழே தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது, டேங்கையே காலி செய்ய வேண்டும். எத்தனால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், 10 மில்லி தண்ணீர் விட்டு 100 கோடு வரை பெட்ரோல் ஊற்றி, குலுக்கி, மூடியை லேசாகத் தளர்த்தி ஆவியை விட்டு, நிற்க வையுங்கள். அடி அடுக்கு 28 மில்லி அளவுக்கு ஏறியிருந்தால் 90 மில்லி பெட்ரோலில் 18 மில்லி எத்தனால், அதாவது 20 சதவீதம். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் சிறிது போனாலே ஆபத்து.

சிஎன்ஜி வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சிஎன்ஜி வண்டியில் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். கேஸில் நன்றாக ஓடி, பெட்ரோலில் மட்டும் வெட்டினால் பிளக், காயில் எல்லாம் நலம், பெட்ரோல் வழியை மட்டும் பாருங்கள். இரண்டிலும் வெட்டினால் பிரஷர் காரணமல்ல. வெளியே கிட் போட்ட சில வண்டிகளில் கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டேங்கில் இரண்டு லிட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டினால் பம்ப் வெந்துவிடும்.

ஸ்கேனரில் பிழைக் கோட் எதுவும் இல்லை. அப்படியென்றால் பிரஷர் சரிதானே?

இல்லை. பல எம்பிஎஃப்ஐ கார்களில் பெட்ரோல் பிரஷரை அளக்கும் சென்சாரே கிடையாது. இன்ஜினுக்கு, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் வழியாகத்தான் குறைவு தெரியும். லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் (குறைவை ஈடுகட்ட இசியு கூட்டிக் கொடுக்கும் பெட்ரோலின் சதவீதம்) பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி, அதுவும் ஆர்பிஎம் ஏற ஏறக் கூடினால் பிரஷரைச் சந்தேகிக்கலாம். ஐடிலில் கூடுதலாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் அது பெரும்பாலும் இன்டேக் பக்கத்து ஏர் லீக். பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்ற கோட் இரண்டுக்குமே வரும். பிரஷர் சென்சார் உள்ள வண்டிகளில்தான் பி0087 (ரெயில் பிரஷர் குறைவு) வரும்.

டீசல் காரில் எப்படி?

சிஆர்டிஐ (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஹை பிரஷர் ரெயில் வைத்த டீசல்) இன்ஜினில் ரெயில் பிரஷரை ஸ்கேனரில் மட்டும் பாருங்கள். பல வண்டிகளில் ஐடிலில் 250 முதல் 350 பார் வரை இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 200 பாருக்கு வராவிட்டால் இசியு இன்ஜெக்டரைத் திறக்காது. ஹை பிரஷர் குழாயைத் தளர்த்தி 'டீசல் வருதா' என்று பார்ப்பது பழைய இன்ஜின் காலத்து வழக்கம், இதில் செய்யவே கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கொசுக்கடி மாதிரிதான் தெரியும், வலிகூட இருக்காது. அப்படிப் பட்டால் தாமதிக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய், 'ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிருக்கிறது' என்றே சொல்லுங்கள்.

லோ பிரஷர் பக்கத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். பில்டர் அடியிலுள்ள பிளக்கைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். பில்டருக்குப் பின் உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஒரு துண்டு ஹோஸ் போட்டால் காற்றுக் குமிழி வருகிறதா என்று தெரியும். குமிழி தொடர்ந்து வந்தால் டேங்குக்கும் பில்டருக்கும் இடையிலுள்ள ஜாயின்ட் காற்று இழுக்கிறது. அதுவும் சரி என்றால் இன்ஜெக்டர்களின் ரிட்டர்னை நான்கு ஒரே மாதிரி பாட்டில்களில் தனித்தனியாகப் பிடியுங்கள். ஐடிலில் சில நிமிடத்துக்குப் பின் மூன்று பாட்டில் ஒரே மட்டத்தில் இருக்க, ஒன்று மட்டும் இரண்டு மடங்கு நிரம்பியிருந்தால் ரெயில் பிரஷரை விழுங்குவது அந்த இன்ஜெக்டர்தான்.

இந்தக் குறையோடு ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாமா?

காலையில் செல்ஃப் நீளும் அளவுதான் என்றால் போகலாம். ஓடும்போது வெட்டுகிறது என்றால், மார்த்தாண்டம் மேம்பாலத்திலோ நான்குவழிச் சாலையிலோ ஓவர்டேக் செய்யும் நடுவில் வண்டி செத்துப்போகக்கூடும். டோ செய்யுங்கள். பானட்டைத் திறக்கும்போதோ வண்டிக்குள்ளோ பெட்ரோல் வாசனை வந்தால் சாவியையே தொடாதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.